படிக்கும் கருவியையும் காப்போம்

(திருவண்ணாமலையில் நூலகர்கள், ஆவணப் பொறுப்பாளர்கள், கணினிப் பிரிவு ஊழியர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேக்கப் எடுக்கும் டேப் டிரைவின் ஃபர்ம்வேரை எப்போது அப்டேட் செய்வது, எப்படிச் செய்வது, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதே இன்று என் பேச்சு. வேலை என்று பார்த்தால் சில நிமிடம். சர்வர் அறையில் ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்து முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். மறுநாள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் கல்லூரியின் மதிப்பெண் பதிவேடு, மருத்துவமனையின் நோயாளிக் கோப்பு, கூட்டுறவுச் சங்கத்தின் கடன் கணக்கு, ஸ்டூடியோவில் சேர்ந்திருக்கும் தீபத் திருவிழாப் படப்பதிவு என்று எத்தனையோ அந்தச் சில நிமிடத்தை நம்பியிருக்கின்றன.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எழுதி வைத்ததைக் காப்பவர்கள், அதைப் படிக்கும் கருவியையும் அதே அக்கறையோடு காக்க வேண்டும். ஃபர்ம்வேர் அப்டேட் என்பது படிக்கும் கருவியின்மேல் நாம் கை வைக்கும் நேரம். ஆகவே அதற்கு ஒரு முறைமை வேண்டும்.

சுவரும் படிப்பவரும்

எழுத்தைக் காப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர் காலம் தொடங்கி நாயக்கர் காலம்வரை கொடைகளும் ஏற்பாடுகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபமும் திருக்குளமும் பதினொரு நிலைக் கோபுரமும் எடுத்த செய்தி 1516-17ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. கல்வெட்டுத் துறையினர் வந்து ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்தார்கள். 1937இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் இக்கோயிலின் கல்வெட்டுகள் பல அச்சேறின. பிறகு பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்த இக்கோயில் கல்வெட்டுத் தொகுதிகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. கல், மைப்படி, அச்சு என்று ஒரே செய்தி மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று சிதைந்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

இதே மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து வயல்களிலும் புதர்களிலும் நின்ற நடுகற்களைப் படித்து, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாகக் கொண்டுவந்தது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பல கற்களுக்குப் படையலும் நடந்தது. எழுத்து கண்முன்னே இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் வந்த பிறகுதான் அதில் இருந்த வீரனின் பெயரும் அவன் காலத்து அரசனின் பெயரும் வெளியே வந்தன.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று. மதுரைப் பக்கம் மாங்குளம் குன்றில் உள்ள எழுத்துகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டார். கண்ட பிறகும் அது என்ன மொழி என்று தெளிய நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. 1924இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர்தான் அந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று எடுத்துக்காட்டினார். நான் சற்று முன் சொன்ன எட்டாம் தொகுதியைப் பதிப்பித்தவரும் அவரே. இரண்டாயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் கல் தாங்கி நின்றது. அறுந்துபோனது படிக்கும் திறமை.

காந்த டேப்பிலும் இது நடந்திருக்கிறது. 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை அனுப்பி நிலவைப் படமெடுத்தது. அந்தப் பதிவுகள் ஏறத்தாழ 1,500 டேப்புகளில் இருந்தன. அவற்றைப் படிக்க ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற பெரிய டிரைவ் வேண்டும். காலப்போக்கில் அந்த டிரைவ் எங்குமே இல்லை என்ற நிலை வந்தது. நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளர் டேப்புகளை அழியவிடாமல் தடுத்ததோடு, பழுதான டிரைவுகள் சிலவற்றைத் தேடிப் பெற்றுத் தம் வீட்டுக் கார் ஷெட்டில் பல ஆண்டு வைத்திருந்தார். அவற்றை ஒரு குழு பழுதுபார்த்து இயக்கியது. அதன் பலனாக, 1966 ஆகஸ்டில் நிலவின் விளிம்புக்கு மேல் பூமி தெரிய எடுத்த படம் 2008இல் முன்பு கண்டிராத தெளிவோடு வெளிவந்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் டேப் பழுதில்லை. டிரைவை ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் அந்த டேப்புக்குப் பயன் வந்தது.

டேப் இன்னும் ஏன்?

இந்தக் காலத்தில் டேப் எதற்கு, எல்லாமே கிளவுடில் போய்விட்டதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். 2011 பிப்ரவரியில் நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். ஜிமெயில் பயன்படுத்தியவர்களில் ஒரு சிறு பகுதியினர், கூகுள் சொன்ன கணக்கில் 0.02 விழுக்காட்டினர், காலையில் கணக்கைத் திறந்தபோது அஞ்சல்பெட்டி காலியாக இருந்தது. கூகுள் பல இடங்களில் பல படிகள் வைத்திருந்தது. ஆனால் சேமிப்பு சாஃப்ட்வேரில் செய்த ஒரு அப்டேட்டில் பிழை நுழைந்து, அந்தப் படிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அஞ்சல்கள் திரும்பி வந்தது டேப்பிலிருந்து. டிரைவிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த டேப்பை எந்த சாஃப்ட்வேர்ப் பிழையும் எட்டாது. இன்றைக்குக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்களும் எட்டாது.

அந்த நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. நாசம் ஒரு அப்டேட்டிலிருந்து வந்தது. நல்லெண்ணத்தோடு, நல்ல பொறியாளர்கள் செய்த அப்டேட். ஆகவே அப்டேட் என்றால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது, ஆபத்து என்று ஒதுக்கவும் கூடாது.

டிரைவுக்குள் நடப்பது

இப்போது பெரும்பாலும் புழங்குவது எல்டிஓ வகை. ஹெச்பி, ஐபிஎம், சீகேட் மூன்றும் சேர்ந்து 1990களின் இறுதியில் வகுத்த பொதுத்தரம் இது. 2000இல் வந்த முதல் தலைமுறை டேப்பில் 100 கிகாபைட் கொள்ளும். 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை டேப்பில் 18 டெராபைட் கொள்ளும். 2025இல் வந்த பத்தாம் தலைமுறை 30 டெராபைட்டோடு தொடங்கியது.

இந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது? டேப்பின் அகலம் மாறவில்லை. அன்றும் இன்றும் அரை அங்குலம்தான். எல்டிஓ-9 டேப்பில் அந்த அரை அங்குலத்துக்குள் 8,960 தடங்கள் இருக்கின்றன. நம் தலைமுடி ஒன்றின் அகலத்தில் நாற்பதுக்கு மேல் தடங்கள் அடங்கிவிடும். டேப்பின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அது நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடும்போது ஹெட் தன் தடத்தை விட்டு விலகாமல் இருக்க வேண்டும். தடத்தைக் காட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே டேப்பில் வழிகாட்டிக் குறிகள் எழுதப்பட்டிருக்கும். அதனால்தான் எல்டிஓ டேப்பைக் காந்தத்தால் துடைத்தால் அது மறுபடி எதற்கும் உதவாது. தரவோடு வழிகாட்டிக் குறியும் போய்விடும்.

ஹெட்டை அசைப்பது, வேகத்தைக் கூட்டுவது குறைப்பது, படிக்கும்போது விழும் பிழையைத் திருத்துவது, தரவைச் சுருக்குவது, பூட்டி எழுதுவது, காட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறு சிப்பில் அந்த டேப்பின் வரலாற்றைக் குறிப்பது, சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று சொல்வது — இத்தனையையும் செய்வது டிரைவுக்குள் இருக்கும் நிரலான ஃபர்ம்வேர். டிரைவின் ஃபிளாஷ் நினைவகத்தில் அது இருக்கிறது. அப்டேட் செய்யும்போது கணினி புதிய நிரலைக் கேபிள் வழியாகத் துண்டு துண்டாக அனுப்பும். டிரைவ் அதை வாங்கி, தனக்கு உரியதுதானா, முழுதாக வந்ததா என்று சரிபார்த்து, பிறகு பழையதன் இடத்தில் பதித்துக்கொண்டு மறுபடி எழும். அந்தப் பதிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் டிரைவ் எழாமலே போகக்கூடும்.

செய்வதா, விடுவதா?

ஓடுகிற டிரைவை ஏன் தொட வேண்டும் என்று கேட்கும் அனுபவசாலிகள் உண்டு. அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009 ஜனவரியில் சீகேட் நிறுவனத்தின் பாராகுடா 7200.11 வகை ஹார்ட் டிஸ்குகளில் ஒரு குறை தெரிந்து, அதைத் தீர்க்க ஃபர்ம்வேர் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தமே 500 கிகாபைட் மாடல்கள் சிலவற்றை முடக்கியது. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று வேறொன்று தரவேண்டியிருந்தது. அவசரப்பட்டு முதல் நாளே ஏற்றியவர்கள் அடிபட்டார்கள்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அதன் சில வகை எஸ்எஸ்டி சேமிப்புக் கருவிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும், கருவியும் மீளாது, தரவும் மீளாது, உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்றது. இரண்டின் பதினைந்தாம் அடுக்கு அந்த எண். கணக்காக 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் இயக்கிய கருவிகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும் என்று ஜோடியாகப் போட்டு வைத்ததன் நம்பிக்கையே அங்கே உடைந்தது. சும்மா இருந்தவர்கள் இங்கே அடிபட்டார்கள்.

இவை டேப் டிரைவுகள் அல்ல. ஆனாலும் இரண்டும் சேர்ந்து சொல்வது டேப் டிரைவுக்கும் பொருந்தும். ஒவ்வொரு ஃபர்ம்வேரோடும் நிறுவனம் ஒரு வெளியீட்டுக் குறிப்பு தரும். அதைப் படித்து முடிவு செய்ய வேண்டும். எழுதிய தரவு கெடக்கூடிய பிழையைத் திருத்தியிருக்கிறார்களா? தாமதிக்கக் கூடாது. நாம் வாங்கியிருக்கும் புதுவகை டேப்பையோ புதிய சர்வரையோ ஏற்பதற்கான மாற்றமா? அது நமக்குத் தேவைப்படும்போது செய்யலாம். பல டேப்புகளைத் தானாக மாற்றிச் செருகும் டேப் லைப்ரரி நம்மிடம் இல்லாதபோது, அதற்கான மாற்றமா? காத்திருக்கலாம். காத்திருக்கலாம் என்று முடிவு செய்தால் அதையும் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு அந்த வரி தேவைப்படும்.

திருமழபாடியில் நடந்தது

செய்யும் முறைக்கு வருவதற்கு முன் ஆயிரம் ஆண்டுப் பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்கும் முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். கட்டி முடிந்த பிறகு, முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் பழைய ஆவணங்கள் புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இடையில் பத்தாண்டுக்கு மேல் கடந்திருந்தது. அரசன் மாறிவிட்டான். ஆனாலும் வேலை முடிந்தது, முடித்த செய்தியும் கல்லில் ஏறியது. வேறு பல கோயில்களிலும் திருப்பணியின்போது பழைய கல்வெட்டைப் பார்த்து வெட்டியது என்பதைப் ‘பழங்கற்படி’ என்று குறித்திருக்கிறார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கை வைக்கும் முன் படியெடுத்தார்கள். மாற்றிய பிறகு பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். செய்ததைப் பதிவு செய்தார்கள். நம் சர்வர் அறையில் செய்யவேண்டியதும் இதே வரிசையில்தான்.

கை வைக்கும் முன்

முதலில் உங்கள் டிரைவ் எது என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனையாம் தலைமுறை, முழு உயரமா அரை உயரமா, சாஸ் கேபிளா ஃபைபர் சானலா, தனி டிரைவா லைப்ரரிக்குள் இருப்பதா, இப்போதுள்ள ஃபர்ம்வேர் எண் என்ன — இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே நிறுவனம் தயாரித்த டிரைவை வெவ்வேறு நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்கின்றன. உள்ளே இருப்பது ஒன்றுபோல் தெரிந்தாலும் ஃபர்ம்வேர் வேறாக இருக்கும். உங்களுக்கு விற்றவர் எந்தப் பெயரில் விற்றாரோ அந்த நிறுவனத்தின் கோப்பையே எடுக்க வேண்டும். இப்போது ஓடும் பழைய பதிப்பின் கோப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில பதிப்புகளுக்குப் பிறகு பின்னோக்கிப் போக முடியாது. அப்படி இருந்தால் வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியிருப்பார்கள்.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப் வேலைகள் முடியட்டும். கடைசி பேக்கப்பிலிருந்து சில கோப்புகளை ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். பழைய டேப் ஒன்றில் உள்ள கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணையும் (செக்சம்) குறித்து வையுங்கள். பேக்கப் சாஃப்ட்வேரின் சேவைகளை நிறுத்துங்கள். அது டிரைவிடம் அடிக்கடி நிலவரம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஃபர்ம்வேர் ஏறும் நேரத்தில் அந்தக் குறுக்கீடு வேண்டாம். டிரைவிலிருந்து காட்ரிட்ஜை வெளியே எடுங்கள்.

மின்சாரம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். சர்வர் யுபிஎஸ்ஸில் இருக்கும், வெளியே வைத்த டேப் டிரைவின் பவர் கேபிள் மட்டும் சுவர் பிளக்கில் நேரே செருகியிருக்கும். கேபிளைக் கையால் தொட்டுப் பின்தொடர்ந்து போய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே பாரம் தாங்குகிறதா என்று முன்கூட்டியே சோதியுங்கள். கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் தீபத் திருவிழாவும் இந்த ஊரில் சேர்ந்து வருகின்றன. மின்தடைக்கும் வாய்ப்பு உண்டு, உதவிக்கு ஆள் வர வழியும் கிடைக்காது. அந்த வாரங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்றும்போது

ஏற்றுவதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. சர்வரிலிருந்து நிறுவனத்தின் கருவி நிரல் மூலம் ஏற்றலாம். ஐபிஎம்முக்கு ஐடிடிடி, ஹெச்பிஇக்கு லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ் என்பவை அப்படிப்பட்டவை. இரண்டாவது, டேப் லைப்ரரியாக இருந்தால் அதன் நிர்வாகப் பக்கத்திலிருந்து ஏற்றலாம். மூன்றாவது, ஃபர்ம்வேரையே தாங்கிய டேப்பைச் செருகுவது. ஐபிஎம் டிரைவுகளில் இதற்கு எஃப்எம்ஆர் டேப் என்று பெயர். சரியாக இயங்கும் ஒரு டிரைவைக் கொண்டே அந்த டேப்பை உருவாக்கி, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு டிரைவுக்குக் கொடுக்கலாம். வெளி இணைப்பே இல்லாமல் தனித்து வைத்திருக்கும் அறைகளுக்கு இது நல்ல வழி.

எந்த வழியானாலும், ஏறத் தொடங்கிய பிறகு பொறுமையாக இருக்க வேண்டும். விளக்கு மின்னும், சிறிது நேரம் திரையில் அசைவே இருக்காது. நின்றுவிட்டதோ என்று பயந்து சுவிட்சை அணைப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. குறிப்பில் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாகவே காத்திருங்கள். டிரைவ் தானாக எழுந்து, புதிய பதிப்பு எண்ணைக் கணினிக்குச் சொன்ன பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, சில வாரம் வழக்கமான பேக்கப்பை ஓடவிட்டு, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஹெச்பிஇ கருவிகள் ஒன்றாகச் சாகவிருந்தது ஏன் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே பிழை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் இருக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

ஏற்றிய பிறகு

பதிப்பு எண் மாறியதும் வேலை முடிந்ததாகப் பெரும்பாலோர் எழுந்துவிடுகிறார்கள். என் பார்வையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான். முதலில் தேவையற்ற டேப் ஒன்றில் எழுதிப் படித்துப் பாருங்கள். அடுத்தது மிக முக்கியம்: அப்டேட்டுக்கு முன்பு எழுதிய பழைய டேப் ஒன்றை எடுங்கள். காட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் எழுத்துத் தடைச் சுவிட்சைத் தள்ளிவிட்டுச் செருகுங்கள், அதில் தவறிக்கூட எதுவும் எழுதப்படாமல் இருக்க. அதிலிருந்து கோப்புகளை மீட்டு, முன்பே குறித்து வைத்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். கோப்பு திறந்தால் போதும் என்று விடாதீர்கள். ஒவ்வொரு பைட்டும் அதே பைட்தானா என்று அந்த எண்தான் சொல்லும்.

கடைசியாக, இந்த டிரைவ் எழுதிய டேப்பை இன்னொரு டிரைவ் படிக்க வேண்டும். தான் எழுதியதைத் தானே படிப்பது முழுமையான சான்று ஆகாது. நாளை இந்த டிரைவ் பழுதாகும், வேறொன்று வாங்குவோம். அன்றைக்கு நடக்கவேண்டியதை இன்றைக்கே ஒரு முறை நடத்திப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை.

பூட்டி எழுதும் வசதியை நான்காம் தலைமுறையிலிருந்து எல்டிஓ டிரைவுகள் தருகின்றன. அதைப் பயன்படுத்துபவர்கள் திறவுகோல் எங்கே இருக்கிறது, பேக்கப் சர்வரே போய்விட்டால் அது எப்படிக் கிடைக்கும் என்பதையும் இதே நாளில் சரிபாருங்கள். திறவுகோல் டேப்பில் இருக்காது.

ஃபர்ம்வேர் தராதது

ஃபர்ம்வேரால் ஆகாத காரியமும் உண்டு. ஏழாம் தலைமுறைவரை எல்டிஓ டிரைவுகள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படித்தன. எட்டும் ஒன்பதும் முந்தைய ஒரு தலைமுறையை மட்டும் படிக்கின்றன. பத்தாம் தலைமுறை டிரைவ் தன் தலைமுறை டேப்பை மட்டுமே ஏற்கும். 2010 வாக்கில் எல்டிஓ-4 டேப்பில் எழுதி வைத்தவர்கள் எல்டிஓ-8 டிரைவ் வாங்கினால், எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் அந்த டேப்பைப் படிக்க முடியாது. டேப் முப்பது ஆண்டு இருக்கும் என்று உறையில் போட்டிருப்பது டேப்பின் ஆயுள். டிரைவ் சந்தையில் கிடைக்கும் காலம் அதைவிடக் குறைவு. ஆகவே பழைய டிரைவ் உயிரோடு இருக்கும்போதே அதன் ஃபர்ம்வேரைச் சீராக வைத்து, தரவைப் புதிய டேப்புக்கு மாற்றிவிட வேண்டும்.

இந்த ஊர் வெயிலும் கணக்கில் வரட்டும். நீண்ட காலம் வைக்கும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பம் போதும். மாடி அறைத் தகரக் கூரைக்குக் கீழே இருந்த டேப்பை எடுத்துவந்து உடனே டிரைவில் செருகக் கூடாது, அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள். எல்டிஓ-9 டேப்பை முதல்முறை செருகும்போது, அந்த இடத்தின் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்ப டேப்பை அளந்துகொள்ள டிரைவ் சில சமயம் இரண்டு மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளும். அதைப் பழுது என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு படியாவது ஊருக்கு வெளியே இருக்கட்டும். 2024 டிசம்பர் 1ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அந்த இழப்புக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. மலை நகராது என்று நம்பி வாழ்ந்த நாம், எந்த அலமாரியும் எந்தச் சுவரும் நிலையானது என்று எண்ணக் கூடாது என்பதை மட்டும் அந்த நாளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள்

ஸ்ரீ ரமணாசிரமம் ரமண மகரிஷியின் கையெழுத்துப் பிரதிகளையும் புகைப்படங்களையும் காத்துவருகிறது. 1896இல் இங்கே வந்தவர் 1950இல் மறையும்வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. அந்த மூலப் பிரதிகள் அழிந்தால் மறுபடி கிடைக்காது. கோயில் கணக்குகள், மடங்களின் ஏடுகள், கல்லூரிப் பதிவேடுகள், ஊர்ச் சங்கங்களின் தீர்மான நோட்டுகள் என்று அப்படிப்பட்டவை இந்த ஊரில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் பல இப்போது டிஜிட்டலாகி வருகின்றன. நாளை அவை டேப்புக்கும் போகும்.

தனித்தனியாக ஒவ்வொரு நிறுவனமும் இரண்டாவது டிரைவ் வாங்குவது கடினம். விலை அப்படி. நான் கேட்பது இது: டேப் வைத்திருக்கும் நிறுவனங்கள் சேர்ந்து, பொதுவாக ஒரு மாற்று டிரைவை இந்த ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் செய்கிறவர் தம் டேப் ஒன்றை அங்கே கொண்டுபோய்ப் படித்துப் பார்க்கட்டும். அப்டேட் செய்யும் நாளில் இன்னொரு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், இரண்டு பேர் கண்ணில் தவறு குறையும். ஒரே குறிப்பேட்டில் எல்லாரும் எழுதட்டும்: நாள், டிரைவ், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, மாற்றிய காரணம், படித்துப் பார்த்த பழைய டேப்பின் எண், கையெழுத்து. ஒரு நிறுவனத்தில் ஆள் மாறினாலும் அறிவு ஊரில் தங்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலை ஒன்று இருக்கிறது. நாளைக் காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் மிகப் பழைய டேப்பை எடுத்து, எழுத்துத் தடையைப் போட்டு, டிரைவில் செருகி, ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். வந்தால் குறிப்பேட்டின் முதல் வரி அதுவாகட்டும். வராவிட்டால், சரிசெய்ய இன்னும் காலம் இருக்கும்போதே தெரிந்துகொண்டோம் என்று அந்த வேலையைத் தொடங்குங்கள்.